மாடல் டி ஒன்றைப் பந்தயத்துக்குத் தயார் செய்தல்

மாடல் டி ஃபோர்டை யாரும் பந்தயத்துக்காக வடிவமைக்கவில்லை. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் உற்பத்தியான அந்தக் கார், குடியானவர் சந்தைக்குப் போகவும் மருத்துவர் நோயாளியின் வீட்டுக்குப் போகவும் என்று செய்யப்பட்டது. நான்கு சிலிண்டர், 2,896 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, நிமிடத்துக்கு 1,600 சுழற்சியில் 20 குதிரைத்திறன். நல்ல சாலையில் மணிக்கு 65, 70 கிலோமீட்டர் ஓடினால் அதுவே அதன் எல்லை. ஆனாலும் 1910-களிலும் 1920-களிலும் அமெரிக்கச் சிற்றூர்களின் திருவிழாத் திடல்களில், குதிரைப் பந்தயத்துக்கென்று போட்டிருந்த மண் தடங்களில், ஊர் மெக்கானிக்குகள் ஓட்டிப் பார்த்த வண்டிகளில் மாடல் டி-யிலிருந்து பிறந்தவை ஏராளம். பழைய வண்டி மலிவாகக் கிடைத்தது. உதிரிபாகம் எல்லா ஊரிலும் கிடைத்தது. மட்கார்டையும் கூரையையும் விளக்குகளையும் கழற்றி, உடலை அறுத்து எறிந்துவிட்டு, மிஞ்சிய சட்டகத்தின் மேல் ஒடுக்கமான ஒரு தகர உடலைப் பூட்டினால் பந்தயக் கார் தயார்.

இந்த வரலாறுதான் என்னை, பாகங்களை ஒட்டிச் சிறு மாடல் கார் செய்துகொள்ளும் ஒரு பழைய பிளாஸ்டிக் கிட்டின் முன் உட்கார வைத்தது. பந்தயக் காரின் மாடல் வேண்டுமென்றால் ஆயத்தமாக வார்த்து அச்சடித்ததை வாங்கிக்கொள்ளலாம். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் இந்த வகைக் கார் ஒரு மாற்று வேலையாகவே பிறந்தது. வீட்டுக் காரை எடுத்து, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது, எதைப் புதிதாகச் செய்வது என்று ஒருவர் தம் பட்டறையில் நின்று முடிவெடுத்ததன் விளைவு அது. ஆகவே அதன் மாடலையும் அதே வழியில், சாதாரண மாடல் டி கிட் ஒன்றை அறுத்துத்தான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1923-ஆம் ஆண்டின் மெக்கானிக் ஒருவர் உண்மைக் காரில் வைத்திருக்க மாட்டாத எந்த வெட்டையும் நானும் வைப்பதில்லை என்று ஒரு விதியை வகுத்துக்கொண்டேன். வேலை முழுவதையும் அந்த விதிதான் நடத்தியது.

நம் நாட்டிலும் இந்த மரபு இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில், 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஆதரவில், சாலைக் கார்களின் சட்டகத்தின்மேல் தாமே உடல் கட்டிக்கொண்டு வந்து ஓட்டியவர்கள் உண்டு. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்த பிறகு பந்தயத்தின் முகம் மாறிவிட்டது. சோழவரத்துக்கு என்னை அப்பச்சி அழைத்துப்போன நாளில் நான் பார்த்தது வேகத்தை அல்ல, காருக்கு அடியில் படுத்திருந்தவர்களின் கைகளைத்தான்.

கிட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவிலான 1960-களின் அமெரிக்கத் தயாரிப்பு. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் இருந்த பெரியப்பச்சி விடுமுறைக்கு வரும்போது பீங்கான் சாமான்களோடு அதையும் கொண்டுவந்தார். பெட்டகத்தில் புடவைகளுக்கு அடியில் கிடந்து, எங்கள் பக்கத்து வெயிலை எத்தனையோ கோடைகளில் தாங்கியிருந்த அதன் பெட்டி, நான் திறந்தபோது அட்டை உதிர்ந்துபோய், பாகங்கள் மட்டும் பெரும்பாலும் முழுதாக இருந்தன. காலம் செய்த கேடு ஒன்றே ஒன்று கவனிக்கத்தக்கது. அக்காலத்து கிட் டயர்கள் மென்மையான வினைலால் ஆனவை; அவற்றை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். டயர் சாய்ந்து கிடந்த இடத்தில் பின்பக்கக் கதவில், மேடும் பள்ளமுமாக ஒரு முழு வட்டம் பதிந்திருந்தது. விரலால் தடவினால் டயரின் வரிகளைக்கூட எண்ணலாம். பழைய கிட் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே டயர்களை எடுத்துத் தனியே ஒரு காகித உறையில் போட்டுவிடுவது நல்லது. எனக்கோ அந்தக் கதவு எப்படியும் கழிக்க வேண்டிய பாகம்.

எந்தக் காரைச் செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். மாடல் டி பந்தயக் கார்களின் கதையில் உச்சம், ஃப்ரான்டெனாக் தலை பூட்டிய வண்டிகள். ஸ்விட்சர்லாந்தில் பிறந்த லூயி செவ்ரோலே, 1911-இல் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே கூட்டாளியோடு முரண்பட்டு வெளியேறினார். பெயர் நிறுவனத்திடமே தங்கிவிட்டது. பிறகு ஃப்ரான்டெனாக் என்ற பெயரில் தம்பிமாரோடு பந்தயக் கார்கள் செய்தார். இளைய தம்பி காஸ்டன் 1920-இல் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தை வென்று, அதே ஆண்டு நவம்பரில் பெவர்லி ஹில்ஸில் மரப்பலகைகள் பாவிய தடத்தில் நடந்த விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு லூயியும் ஆர்தரும் மாடல் டி எஞ்சினுக்கென்று வால்வுகள் மேலே அமைந்த சிலிண்டர் தலை ஒன்றைச் செய்து விற்றார்கள். செவ்ரோலே என்ற பெயர் பொறித்த கார்கள் ஃபோர்டின் சந்தையைப் பறித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்தப் பெயருக்கு உரியவர் ஃபோர்டு எஞ்சினை வேகமாக்கிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

அந்தத் தலை என்ன செய்தது என்பது மாடலுக்கும் முக்கியம். மாடல் டி எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே நிற்கின்றன. தலை என்பது வெறும் மூடி. கலவையும் புகையும் வளைந்து நெளிந்து போக வேண்டியிருந்ததாலும், அழுத்த விகிதம் ஏறத்தாழ நான்குக்கு ஒன்று என்ற அளவிலேயே நின்றதாலும் எஞ்சின் மூச்சு வாங்கியது. ஃப்ரான்டெனாக் தலையில் வால்வுகள் பிஸ்டனுக்கு நேர் மேலே வந்தன. பழைய வால்வு அறையிலிருந்து தள்ளுகம்பிகள் எழுந்து வால்வுகளை அழுத்தித் திறக்கும் சிறு நெம்புகோல்களான ராக்கர்களை மேலே இயக்கின. இந்தத் தலை பூட்டிய ஃபோர்டு ஒன்றை 1923-இல் எல்.எல். கோரம் இண்டியானாபோலிஸில் ஓட்டி ஐந்தாம் இடம் பெற்றார். எஞ்சின் கொள்ளளவு 2 லிட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி அவ்வாண்டு வந்தது. உடன் செல்லும் மெக்கானிக் கட்டாயமில்லை என்றும் ஆயிற்று. டாமி மில்டன் வென்ற அந்தப் பந்தயத்தில், பந்தயத்துக்கென்றே பெரும் செலவில் செய்த வண்டிகளுக்கு நடுவே ஒரு ஃபோர்டு ஐந்தாவதாக வந்ததைவிட மாடல் டி-க்குப் பெரிய மரியாதை வேறு இருக்க முடியாது.

ஆயினும் நான் கோரமின் காரைச் செய்யவில்லை. ஒரு குறிப்பிட்ட காரைச் செய்வதென்றால் அதன் ஒவ்வொரு ஆணியும் அந்தக் காரின் ஆணியாக இருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் ஏதோ ஒரு சிற்றூர்ப் பட்டறையில், ஃப்ரான்டெனாக் தலையை அஞ்சலில் வரவழைத்து, மற்றவற்றைத் தம் கையாலேயே செய்துகொண்ட ஒருவரின் மண்தடக் காராக என் வண்டியை நினைத்துக்கொண்டேன்.

அளவுகள் இந்த வேலையில் பெரிய சுகம். மாடல் டி-யின் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடைவெளி 100 அங்குலம்; இருபத்தைந்தால் வகுத்தால் சரியாக 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீட்டர். சக்கரங்களின் தட இடைவெளி 56 அங்குலம். மாடலில் 57 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டயரின் விட்டம் 30 அங்குலம், மாடலில் 30.5 மில்லிமீட்டர். கிட்டின் சட்டகத்தைக் காலிப்பரால் அளந்தபோது ஆக்ஸில் இடைவெளி மயிரிழை பிசகாமல் இருந்தது. 1960-களில் எஃகு அச்சை வெட்டியவர் தம் வேலையை அறிந்தவர்.

சட்டகம் சற்றே முறுக்கேறியிருந்தது. வெந்நீரில் இட்டு நிமிர்த்தி, கண்ணாடிப் பலகையின் மேல் எடை வைத்து ஆறவிட்டேன். இந்தக் கண்ணாடி ஆத்தங்குடியில் கிடைத்தது. அங்கே தரை ஓடு செய்பவர்கள் கண்ணாடித் துண்டின் மேல் உலோக அச்சை வைத்து, நிறச் சிமெண்டுக் குழம்பை அறை அறையாக ஊற்றி, மேலே உலர்ந்த கலவையும் பூச்சும் போட்டுக் கவிழ்க்கிறார்கள். ஓட்டின் பளபளப்பு அந்தக் கண்ணாடியின் வழுவழுப்பிலிருந்து வருவது. விளிம்பு உடைந்ததால் அவர்கள் ஒதுக்கிய துண்டு என் மேசைக்குப் போதுமானதாக இருந்தது. எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில், வெளிச்சம் நேராக விழும் இடத்தில், அதன் மேல்தான் எல்லாப் பாகங்களும் ஒன்று சேர்ந்தன.

மாடல் டி உயரமான வண்டி. சட்டகம், குறுக்காகப் படுத்திருக்கும் ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங்கின் மேல் முன்னும் பின்னும் உட்கார்ந்திருக்கும். மேடுபள்ளமான நாட்டுச் சாலைக்கு அது வேண்டும். வளைவில் அது கவிழ்த்துவிடும். ஆகவே பந்தயக்காரர்கள் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் இரும்புக் கைகளை வைத்துச் சட்டகத்தைத் தாழ்த்தினார்கள். நான் 4 மில்லிமீட்டர் தாழ்த்தினேன். உண்மைக் காரில் அது 100 மில்லிமீட்டர், ஏறத்தாழ அரைச் சாண். கைகளைப் பித்தளைத் தகட்டில் அறுத்து, தலா இரண்டு போல்ட் தலைகளோடு பொருத்தினேன். பார்ப்பவர் கண்ணுக்கு வண்டி ஏன் தாழ்ந்திருக்கிறது என்பது தெரிய வேண்டும். சட்டகத்தை வெறுமனே வெட்டித் தாழ்த்தி ஒட்டிவிட்டால் தோற்றம் வந்துவிடும், காரணம் தெரியாது.

சக்கரங்களில்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. அதிக மகிழ்ச்சியும் அங்கேதான். கிட்டில் இருந்தவை மரக்கால் சக்கரங்கள். வளைவில் பக்கவாட்டு விசை ஏறும்போது மரக்கால்கள் முறியும் என்பதால் பந்தயக்காரர்கள் கம்பிச் சக்கரத்துக்கு மாறினார்கள். உண்மையான ஸ்போக் 5 மில்லிமீட்டர் கனம் என்று வைத்தால் மாடலில் 0.2 மில்லிமீட்டர். மீன்பிடி நரம்பில் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் அது வெயிலில் தளரும். எனக்குப் பித்தளைக் கம்பி வேண்டியிருந்தது. எங்கள் தெருப் பத்தரிடம் போனேன்.

“எவ்வளவு சன்னமா வேணும் தம்பி?” என்றார்.

“மூணு தலைமயிர் சேர்ந்த கனம் இருந்தாப் போதும் அண்ணே.”

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கம்பியை உமியோட்டு நெருப்பில் மங்கிய சிவப்பு வரும்வரை காட்டி, தண்ணீரில் தோய்த்து, தேன்மெழுகைத் தடவினார். துளைகள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் எஃகுத் தட்டைப் பலகையில் இறுக்கி, கம்பி நுனியை அரத்தால் கூராக்கித் துளையில் நுழைத்து, குறட்டால் பிடித்து ஒரே சீரான இழுப்பில் இழுத்தார். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் தழும்பு விழும் என்றார். இரண்டு மூன்று துளைக்கு ஒருமுறை மீண்டும் நெருப்பு. இழுக்க இழுக்கப் பித்தளை விறைத்துக்கொள்ளும், நெருப்பில் காட்டாமல் அடுத்த துளைக்குப் போனால் அறுந்துவிடும். கடைசித் துளையிலிருந்து வந்த கம்பி காற்றில் ஆடியது. நகைக்கு வேலை செய்யும் அதே கவனத்தை இதற்கும் கொடுத்த அவருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

கிட் சக்கரத்தின் மரக்கால்களை அறுத்தெடுத்துவிட்டு, வெளி வளையத்தை மட்டும் கண்ணாடியில் தற்காலிகமாக ஒட்டி, கைத் துளைப்பானால் 0.3 மில்லிமீட்டர் துளைகள் இட்டேன். நடுக் குடத்தைக் கடைந்து, காகிதத்தில் வரைந்த வட்டத்தின் மையத்தில் நிறுத்தினேன். ஸ்போக்குகள் குடத்திலிருந்து ஆரம்போல் நேராகப் போகக் கூடாது. குடத்தைத் தொட்டுச் சாய்ந்து போய், ஒன்றையொன்று குறுக்கிட வேண்டும். எஞ்சினின் முறுக்கை வளையத்துக்குக் கடத்துவது அந்தச் சாய்வு. முன் சக்கரங்களில் முறுக்கும் இல்லை, மாடல் டி-யில் அவற்றுக்குப் பிரேக்கும் இல்லை என்றாலும் நான்கையும் ஒரே மாதிரி பின்னினேன்; பட்டறையில் உள்ளவர் நான்கு சக்கரத்தையும் ஒன்றாகத்தான் வாங்கியிருப்பார், ஒன்று கெட்டால் எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் மாட்ட வேண்டும் அல்லவா?

எஞ்சினில் கிட்டின் பிளாக்கை அப்படியே வைத்துக்கொண்டேன். மூடி போன்ற பழைய தலையை உப்புத்தாளில் தேய்த்தெடுத்து, பிளாஸ்டிக் தகடுகளை அடுக்கி ஒட்டி உயரமான புதிய தலையைச் செய்தேன். பானெட்டைத் திறந்தால் வலப்பக்கத்தில் பழைய வால்வு அறை தெரியும். அங்கிருந்துதான் தள்ளுகம்பிகள் எழ வேண்டும். டாஷ்போர்டில் தீப்பொறிக்கான நான்கு மரப்பெட்டி காயில்கள் இருக்கும் இடத்தைக் காலி செய்துவிட்டேன். பெட்ரோல் தொட்டி மாடல் டி-யில் இருக்கைக்கு அடியில் இருக்கும்; பெட்ரோல் தானாக வழிந்து கார்புரேட்டருக்குப் போகும். பந்தய உடலில் தொட்டி வாலுக்குப் போய்விடுவதால் காற்றழுத்தம் கொடுத்தால்தான் பெட்ரோல் முன்னே வரும். ஆகவே ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சிறு கைப் பம்பு வைத்தேன். அது ஒரு அரிசியளவுகூட இல்லை. ஆனாலும் வைக்காமல் விட என்னால் முடியவில்லை.

உடல் முழுவதும் புதிது. அதற்கு அச்சகத்தார் கழிக்கும் அலுமினிய ஆஃப்செட் பிளேட்டைப் போன்ற பொருள் வேறில்லை. மெல்லியது, சமமானது, காரைக்குடியிலேயே எடைக்குக் கிடைப்பது. ஒரு குறை, அது விறைப்பானது. சவர்க்காரத்தைத் தடவி, அடுப்பில் அது கரும்பழுப்பாகும்வரை மட்டும் காட்டி எடுத்தால் அலுமினியம் இளகிவிடும். அதற்கு மேல் காட்டினால் உருகிவிடும். வாலுக்கு ஒரு மர அச்சு தேவைப்பட்டது. இடிந்த வீட்டுப் பர்மா தேக்கு எங்கள் ஊரில் வேண்டிய மட்டும் கிடைக்கும். ஆனால் ஆசாரி, தேக்கின் நரம்பு பரந்தது, தகட்டில் அதன் கோடு பதிந்துவிடும் என்று சொல்லி மஞ்சள் கடம்பில் இழைத்துக் கொடுத்தார். அதன்மேல் தகட்டை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து வளைத்தேன். வால் ஒரே தகட்டில் வராது. இரண்டு பாதிகள், நடு முதுகில் ஒரு மடிப்பு. அந்த மடிப்பை பட்டி போட்டு மறைக்கவில்லை. சிற்றூர்ப் பட்டறையில் தகரம் வளைத்தவருக்கும் அங்கே மடிப்பு வந்திருக்கும். ஆணித் தலைகளை உட்புறத்திலிருந்து ஊசியால் அழுத்தி எழுப்பினேன். உடலின் அகலம் 18 மில்லிமீட்டர், அதாவது ஓர் ஆள் உடம்பை நுழைத்து உட்காரும் 450 மில்லிமீட்டர்.

கிட்டில் ரேடியேட்டர் உறையும் வேறு சில பாகங்களும் குரோம் பளபளப்போடு வந்திருந்தன. அது பெரிய பிழை. மாடல் டி-யில் 1916 வரை பித்தளை ரேடியேட்டர், அதற்குப் பிறகு கறுப்பு எஃகு உறை. கார்களில் பளபளப்புக்கு அக்காலத்தில் நிக்கல்தான் பூசினார்கள். குரோமியம் பூச்சு கார்களுக்குப் பரவியது 1920-களின் பிற்பகுதியில். மின்வேதியியல் ஆய்வுக்கு 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த மத்திய ஆய்வகத்தைத் தன்னிடம் வைத்திருக்கும் காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு, நிக்கல் இருக்க வேண்டிய இடத்தில் குரோமியத்தை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. கிட்டின் குரோம் என்பது உண்மையில் மெல்லிய அலுமினியப் படலம். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, திறந்த வெளியில், நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால் சிறு குமிழிகள் எழுந்து படலம் கரைந்துபோகும். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. உறைக்குக் கறுப்பு, மூடிக்கும் சில குழாய்களுக்கும் மட்டும் நிக்கல். குரோமியம் நீலம் காட்டும். நிக்கலில் ஒரு மெல்லிய மஞ்சள் இருக்கும். வெள்ளிப் பெயிண்டில் துளி மஞ்சளைச் சேர்த்தால் அது வந்துவிடுகிறது.

உடலுக்கு அடர்ந்த சாம்பல் நீலம் பூசினேன். எங்கள் பக்கம் சித்திரையில் பெயிண்ட் தகட்டைத் தொடுமுன்பே காற்றில் உலர்ந்து தூளாக விழும். ஐப்பசி மழையிலோ லாக்கரின் மேல் வெண்படலம் பூத்துவிடும். மாசி மாதத்து விடியற்காலைகள்தாம் தகுந்தவை. பானெட் வாருக்கு மெல்லிய காகிதத்தை 1.6 மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கிப் பழுப்பேற்றி, நுண்கம்பியில் கொக்கி செய்து பூட்டினேன். அழுக்கு ஏற்றும்போது ஒரு நண்பர் நம்மூர்ச் செம்மண்ணைத் தூவச் சொன்னார். அன்போடு சொன்னாலும் நான் ஒப்பவில்லை. குதிரைகள் ஓடிய அந்தத் தடங்களில் தூசி அடங்க எண்ணெய் ஊற்றுவார்கள். கார் பூசிக்கொள்ளும் மண் ஈரம் கலந்த கரும்பழுப்பாக இருக்கும். சக்கரங்களுக்குப் பின்னாலும் வாலின் கீழ்ப்பகுதியிலும் மட்டும் அதைக் கொடுத்தேன்.

மிஞ்சியது எண். கிட்டோடு வந்த டிகால் தாள், அதாவது எண்களை எடுத்து ஒட்டும் அச்சுத்தாள், மஞ்சளேறிவிட்டது. சாளரக் கண்ணாடியில் ஒட்டி வெயிலில் வைத்தால் அது வெளுக்கும். ஆனால் அதிலிருந்த எண்கள் அச்செழுத்தில் இருந்தன. திருவிழாத் திடல் கார்களுக்கு எண்ணைத் தூரிகையால் எழுதுவார்கள். லாரிகளுக்குப் பெயர் எழுதும் அண்ணன் ஒருவர், நுனி நறுக்கிய சிறு தூரிகையைச் சாய்வாகப் பிடித்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் வருவது எப்படி என்று ஒரு பழைய தகட்டில் காட்டிக் கொடுத்தார். அதன்படியே வாலின் இரு புறத்திலும் வெள்ளையில் 7 என்று எழுதினேன். இடப்புறத்து எண் வலப்புறத்ததைவிட ஒரு நூல் சாய்ந்திருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று மேலே வார்னிஷ் பூசிவிட்டேன்.